பாதி வரிக்குப் போய்விடும்

மற்றவர்களுடைய காசை அவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக் காட்டுவதுதான் என் தொழில். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரத்தில், மூன்று மாடிப் புடவைக்கடை ஒன்றின் கணக்கறையில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். சம்பளம் போடுவது, லீவு குறிப்பது, ஓய்வுகாலத்துக்கென்று பிடிக்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு மாதா மாதம் காசு அனுப்புவது, ஆட்கள் விலகிப் போகும்போது அந்தக் காசை மீட்கக் ‘கே’ படிவம் நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் நான்தான்.

சம்பளச் சிட்டையில் எட்டு வீதம் வெட்டுப்படுகிற அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது உங்கள் காசுதான். ஆனால் பெண்ணென்றால் ஐம்பது வயது, ஆணென்றால் ஐம்பத்தைந்து வயது ஆகவேண்டும்; வேலையையும் விடவேண்டும். அதுவரைக்கும் காசு இருக்குமா என்று ஒரு பயம், நாம் இருப்போமா என்று இன்னொரு பயம். இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் எங்கள் கடைச் சனம் என் அறைப் படியேறி வரும்.

இரண்டு வருட அவசரம்

நடராசா அண்ணை பட்டுச்சேலைப் பகுதியில் நிற்பவர். நாடு கடன் கட்ட வழியில்லாமல் நின்ற காலத்தில், சேமலாப நிதியிலும் கை வைக்கப் போகிறார்களாம் என்று ஒரு கதை பரவியது. அன்றிலிருந்து அண்ணை காலையில் வந்ததும் சாமிப்படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு நேரே என் அறைக்கு வருவார். வாசலில் நின்றபடியே “இருக்கோ?” என்று கேட்பார். நான் கணினியைப் பார்த்து “இருக்கு அண்ணை” என்பேன். அது வெறும் சம்பளப் பட்டியல் என்று அவருக்குத் தெரியாது. காசு இருக்கிறதா என்று எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான்.

ஒருநாள் அவர் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தார். இருக்கிறபோதே எடுத்துவிட வேண்டும் என்று இரவிரவாக யோசித்து எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்துமூன்று. வேலையை விட்டாலும் ஐம்பத்தைந்துக்கு முதல் காசு வராது என்று நான் சொன்னதும் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். கடிதத்தை முதலாளியிடம் கொடுக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். போகும்போது அவர் கேட்டது இதுதான்: “அப்ப தங்கச்சி, வேலையை விட்டாலும் ரெண்டு வருசம் வெளியில நிண்டு எட்டிப் பார்த்துக்கொண்டுதானோ இருக்கோணும்?”

எழுத்து முடிந்த பெண்

கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் வயதைப் பாராமல் இந்தக் காசை எடுக்கலாம். இப்படி ஒரு சலுகை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து தர்சினியின் அம்மாவுக்கு நித்திரை இல்லை. தர்சினி எங்கள் சுடிதார்ப் பகுதிப் பெண். கனடா மாப்பிள்ளை. விசா அலுவலுக்காக எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்துவிட்டது. தாலி கட்டுவது விசா வந்தபிறகு. அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது அம்மாவின் கட்டளை.

சிக்கல் இங்கேதான். காசு வேண்டுமென்றால் திருமணச் சான்றிதழைக் காட்டவேண்டும், வேலையையும் விடவேண்டும். சான்றிதழைக் காட்டினால் கடைக்குத் தெரிந்துவிடும். வேலையை விட்டபிறகு விசா வராமல் போனால் பெண்ணுக்கு வேலையும் இல்லை, தாலியும் இல்லை. அம்மா தன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தார். கடைசியில் குரலைத் தணித்துச் சொன்னார்: “பிள்ளை, கலியாணம் முடிஞ்சுது எண்டும் போடாதைங்கோ, முடியேல்லை எண்டும் போடாதைங்கோ. இடையில போடுறதுக்கு ஒண்டும் இல்லையோ?”

திரேசா அக்காவின் வேண்டுகோள்

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை. திரேசா அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். லைனிங் துணிப் பகுதியில் இருபத்துமூன்று வருடம். துறைமுகத்தில் வேலை செய்த கணவர் எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகன் அன்ரன். வெளிநாடு போகவேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. முதல் ஏஜென்ட் அக்காவின் சங்கிலியையும் காப்பையும் விழுங்கிவிட்டுக் காணாமல் போனான். இப்போது இரண்டாவது ஏஜென்ட் வந்திருக்கிறான். அவனுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை, சேமலாப நிதியைத் தவிர.

அக்காவுக்கு ஐம்பது வயதான கிழமையே என்னிடம் வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அந்தக் காசு போனால் வயதான காலத்தில் யாருடைய வாசலில் போய் நிற்பது என்று கேட்டார். மகனுக்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. அவன் அழுதால் கொடுத்துவிடுவார். ஐம்பத்தைந்து வரைக்கும் எடுக்கவே முடியாது என்று நான் அவனிடம் சொல்லவேண்டும். அதுதான் வேண்டுகோள். “நான் சொன்னா பொய்னு சொல்லுவான் மிஸ். நீங்க சொன்னா நம்புவான், உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கு.”

என் வாயில் வந்த சட்டம்

அன்ரன் மறுநாளே வந்தான். மரியாதையான பெடியன். அக்கா அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் தன் கைத்தொலைபேசியை நீட்டினான். பெண்களுக்கு ஐம்பது என்று அதில் தெளிவாக இருந்தது. நான் இரவு முழுக்கத் தயார்செய்த பொய் அந்த இடத்திலேயே செத்தது.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. “எடுக்கலாம் தம்பி. ஆனா இப்ப எடுத்தா பாதி வரிக்குப் போயிடும்” என்று என் வாய் தானாகச் சொன்னது. ஓய்வுகாலப் பணத்துக்கு வரி என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது பெரிய கதிரைகளில் இருந்து விலகுபவர்களின் பெரிய தொகைகளுக்கு. லைனிங் துணி வெட்டிச் சேர்த்த காசுக்கு அந்த எல்லை எட்டவே எட்டாது. எதற்கெல்லாம் புது வரி வந்தது என்று எண்ணிச் சனம் களைத்துப்போயிருந்த நேரம் அது. அதனால் அவன் சந்தேகப்படவில்லை. அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். அன்ரன் கணக்குப் பார்த்து முடித்துத் தலையைத் தொங்கப்போட்டான். “பாதின்னா ஏஜென்டுக்கே பத்தாதே அன்டி.”

என்னிடமே வந்தது

ஒரு மாதம் போயிருக்கும். பத்திரங்கள் போட்டோகொப்பி எடுக்க வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் கடைப் படிவங்களைப் பார்த்ததும் இரக்கத்தோடு உச்சுக்கொட்டினார். சேமலாபக் காசு எடுப்பவர்களுக்குப் பாதி வெட்டுகிறார்களாமே, வெள்ளவத்தை முழுக்க இதே கதைதான் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். புடவைக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிற அம்மா ஒருவர் சொன்னாராம். அவர் பிழையாகச் சொல்லமாட்டாராம்.

அது சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால், பிறகு அது கொட்டாஞ்சேனைக்கும் போகும், அன்ரனின் காதிலும் விழும். வாயை மூடிக்கொண்டு மிச்சக் காசுக்குக் கை நீட்டினேன். அவர் எண்ணித் தந்துகொண்டே சொன்னார்: “இது இந்த வருசம், அக்கா. வாற வருசம் முக்கால்வாசியாம். நான் நல்ல இடத்தில கேட்டனான்.”

அன்ரன் கொண்டுவந்த கோப்பு

இரண்டு வருடம் கழிந்தது. இரண்டாவது ஏஜென்டும் ஒருநாள் மறைந்துபோனான், நல்லகாலம், வெறுங்கையோடு. அன்ரன் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எழுதுவினைஞனாகச் சேர்ந்துவிட்டான். நான் செய்தது சரிதான் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்திருந்தது. திரேசா அக்கா மட்டும் என் அறைப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம் அன்ரன் தனியாக வந்தான். கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு. அம்மாவின் இதயத்தில் மூன்று அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்க மாதக்கணக்காகும், அவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தனியாரில் செய்ய வழி ஒன்றுதான். எனக்கு முதலில் வந்தது சந்தேகம், வெட்கத்தோடு சொல்கிறேன். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அக்காவுடையதுதான். வேலையில் இருந்தபடியே வைத்தியத்துக்கென்று ஒரு பங்கு எடுக்கலாம், ஆனால் அது போதாது. முழுவதும் எடுக்கவேண்டும். அக்காவோ பாதி வரிக்குப் போகிற காசை எடுக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். பாதி போனாலும் போகட்டும், மிச்சத்துக்குக் கடன் வாங்குகிறேன், கையெழுத்தை மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சினான்.

அக்கா நடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய் என்று அவருக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. தெரியும் என்று நினைத்திருந்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “அன்டைக்கே உண்மைய சொல்லியிருந்தா நான் எடுத்து ஏஜென்டுக்குக் குடுத்திருப்பேன் அன்டி. இப்ப அம்மாகிட்ட சொல்லுங்க.”

கையெழுத்து

திரேசா அக்காவைக் கீழேயே போய்ப் பார்த்தேன். படி ஏறவிடப் பயம். லைனிங் துணிச் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் இருந்தார். கே படிவத்தை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன், ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அவர் அதைத் தொடவில்லை. “பாதிய அரசாங்கம் எடுக்கும், மிச்சத்த டொக்டர் எடுப்பார். அதுக்குப் பிறகு நான் எழும்பி வந்து என்னத்த மிஸ் சாப்பிடுறது?”

நான் சொன்னேன். அது பொய் என்றேன். உங்களுக்காகத்தான், பயத்தில் வாயில் வந்தது என்றேன். ஒரு சதமும் வெட்டமாட்டார்கள் என்று கர்த்தர்மேல் ஆணையிட்டேன், சைவக்காரி நான். விதிகளை அச்சடித்து எடுத்துப்போயிருந்தேன், விரலால் காட்டி வாசித்தேன். நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவன் வந்து அழுதிருப்பானே, நீங்களும் இளகிவிட்டீர்கள் என்றார். இல்லை அக்கா, இது உங்கள் உயிர் என்றேன். என் கையிலிருந்த தாள் ஆடியது. அவர் அதையே பார்த்தார். என் கையைப் பிடித்துத் தாளோடு சேர்த்து மெதுவாக மடக்கிவிட்டார். “அன்டைக்கு உங்கட முகத்த நல்லா பார்த்தேன் மிஸ், உண்மை சொல்றவங்க முகம். இன்டைக்கு உங்க கை நடுங்குது.”

படிவம் கையெழுத்தில்லாமல் என் மேசையில் கிடக்கிறது, ஒவ்வொரு காலையும் அந்த லைனிங் பகுதி ஸ்டூலில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறக்கிறேன், இந்த நாட்டில் சனம் மறுபேச்சில்லாமல் நம்பிய ஒரே வரிச்சட்டம் நான் போட்டதாகத்தான் இருக்கும்.