சுக்குக் காபிக்கு ஒரு மனு

மனு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனுதாரருக்குப் பதில் தரப்பட வேண்டும். இறுதிப் பதில் தர இயலாவிட்டால், இயலவில்லை என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. பணிக்காலம் முழுவதும் இதை நான் பிறருக்கு மேற்கோள் காட்டியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை, பதிலும் அனுப்பியதில்லை. இப்போது குளத்தூரில், ஓய்வூதியக்காரனாக, மாலை ஆறு மணிக்கு ஒரு நீல எனாமல் குவளையில் சுக்குக் காபி குடிக்கும்போதெல்லாம் அந்த விதி நினைவுக்கு வருகிறது. விளிம்பில் பூச்சு உதிர்ந்த குவளை. அதைக் கொடுத்தவர் ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த அக்கா.

அந்தப் பக்கம் மாறுதல் வந்தபோது என் குடும்பம் குளத்தூரிலேயே தங்கிவிட்டது. நான் மட்டும் அக்கா வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அவர்களோடுதான். அக்காவின் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவரை அண்ணன் என்பேன். அவர் கரையில் இருக்கும் நாட்களில் மாலைக் காபி ஒரு சடங்கு. சுக்கையும் மல்லியையும் இடித்துப் போட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு, பானை கொதிக்கும்போதே தெருமுனை வரை மணம் வரும். அண்ணனுக்கு அந்த நீலக் குவளை நிறைய வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்புக் கம்மி" என்பார். கருப்பட்டியே குடித்தாலும் அதைத்தான் சொல்வார். அதன்பின் மீன் குழம்பு கொதிக்கும். வறண்ட பக்கத்துக்காரனான எனக்கு, கொடுவாய்க்கும் சங்கராவுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வீட்டில்தான் நாக்கில் ஏறியது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எதுவும் அந்தக் குழம்பைத் தாண்டி நின்றதில்லை.

ஒரு நாள் படகு திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய், அக்கரையில் சிறை வைத்திருக்கிறார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. துறைமுகத்துக்கு இது புதிதல்ல. மீனவர் சங்கத்துக்காரர்கள் விடுதலைக்கான மனுக்களோடு கிளம்பினார்கள். அக்கா கூட்டத்தில் நின்று அழவில்லை. வீட்டுக்கு வந்து மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அவுக வந்து சேர்ற வரைக்கும் இந்த வீட்ல மீனு கெடையாது சார். ஒங்களுக்கு வேணும்னா அங்கிட்டு ஓட்டல்ல சொல்லி வைக்கிறேன்."

"எனக்கு எதுக்குக்கா ஓட்டல்? நீங்க திங்கிறதையே நானும் திங்கிறேன்" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். தெருவில் எல்லா வீட்டிலும் வஞ்சிரம் பொரியும் மணத்துக்கு நடுவே அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது பிறகு தெரிந்தது. வெந்தயமும் பூண்டும் போட்ட கஞ்சி, சுட்ட மிளகாயும் தேங்காயும் அரைத்த துவையல். முதல் வாரம் தண்டனை போல இருந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, அலுவலகத்தில் நாலு மணிக்கே அந்தக் கஞ்சியின் சூட்டை மனம் தேட ஆரம்பித்தது. இன்றும் உடம்போ மனசோ சரியில்லை என்றால் நான் கேட்பது அதைத்தான்.

காபி மட்டும் நிற்கவில்லை. தினமும் அண்ணனின் குவளையிலும் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, ஜன்னல் மேடையில் வைப்பார். ஆறி அவலானதும் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். அந்த வருஷம் அந்தச் செடிக்குச் சளியே பிடித்திருக்காது.

ஒரு மாலை கேட்டார். "சார், சோறு எங்கிட்டும் போடுவாக. சுக்குத்தண்ணி யாரு போட்டுக் குடுப்பா? அது இல்லாட்டி அவுகளுக்கு வயித்தப் பெரட்டும், தூக்கம் வராது. பொடி இடிச்சுத் தாரேன். அனுப்ப வழி இருக்கா?"

வழி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வழி இல்லாத காரியத்துக்கும் மனு எழுதும் முறை ஒன்று உண்டு. அதில் நான் கெட்டிக்காரன். 'பொருள்: சிறையிலுள்ள மீனவருக்குச் சுக்குப்பொடி மற்றும் கருப்பட்டி அனுப்ப அனுமதி கோருதல் தொடர்பாக' என்று எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். முதல் அலுவலகம், இது உணவுப் பொருள், எங்கள் பிரிவு அல்ல என்றது. இரண்டாவது அலுவலகம், சுக்கு மருந்தா உணவா என்று விளக்கம் கேட்டது. மருந்து என்று எழுதி, சித்த மருத்துவரிடம் சான்று வாங்கி வைத்தேன். அப்படியானால் கருப்பட்டி எதற்கு என்று கேட்டார்கள். 'மேற்படி மருந்தை உட்கொள்ள உதவும் துணைப்பொருள்' என்று பதில் எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் அதைவிடச் சிறந்த வாக்கியம் இல்லை.

அதன்பின் சத்தமே இல்லை. அக்கா இடித்த பொடி டப்பாவில் மணம் குறைந்தது. கொட்டிவிட்டுப் புதிதாக இடித்தார். அதுவும் மணம் போனது. "பதிலு வந்துச்சா சார்?" என்று தினமும் கேட்டவர், பிறகு கேட்பதை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

பொங்கலுக்கு முன் சங்கத்துக்காரர்களின் முயற்சியில் அண்ணன் விடுதலையாகி வந்தார். சட்டை தோளில் தொங்கியது. அக்கா பரபரவென்று சட்டியை நிமிர்த்தி, பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினார்.

"மீனு எங்கிட்டும் ஓடிப்போகாது. மொதல்ல காபியப் போடு" என்றார் அண்ணன்.

"அங்க சாயங்காலம் என்னண்ணே குடுத்தாக?"

"வெந்நி சார். சுக்கு இல்லையே தவிர, மண்ணெண்ணெய் வாடை தூக்கலா இருக்கும். கண்ண மூடிக்கிட்டு இவ போட்டதுன்னு நெனச்சுக்கிருவேன். அப்பவும் இனிப்புக் கம்மிதான்."

நீலக் குவளை வந்தது. ஒரு வாய் குடித்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னொரு வாய் குடித்தார். அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன, சொல்லக் காணோம்?"

"கம்மிதான்" என்றார்.

அக்கா திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கருப்பட்டி தட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. ஒரு குவளைக்கு அவ்வளவு கருப்பட்டி தேவையில்லை.

மாறுதலாகிக் கிளம்பிய அன்று, அண்ணனுக்குப் புதுக் குவளை வாங்கியாயிற்று என்று சொல்லி, இதை என் பையில் வைத்தார் அக்கா. இப்போது அக்கா இல்லை. என் குவளையில் கருப்பட்டியும் இல்லை, மருத்துவர் தடை விதித்திருக்கிறார். அந்தத் தடை மட்டும் கையோடு அமலுக்கு வந்துவிட்டது.

பதில் வந்ததைச் சொல்லவில்லையே. அது நான் அங்கே இருந்தபோதே வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டதாகவும், பொருட்களை அனுப்ப ஆட்சேபணை இல்லை என்றும், மீனவர் தற்போது இருக்கும் இடத்தை உடன் தெரிவிக்குமாறும் எழுதியிருந்தார்கள். அண்ணனிடமே படித்துக் காட்டினேன்.

"நான் எங்க இருக்கேன்னு என்ன சார் எழுதப் போறீங்க?"

"வீட்ல இருக்கார்னு எழுதணும்ணே. அதுக்கும் சான்று கேப்பாக."

அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கி, நாலாக மடித்து, ஈ மொய்க்காமல் நீலக் குவளையின் மேல் போட்டு மூடினார். "இதுக்காச்சும் ஆகட்டும்" என்றார். அன்று தேதி, ஏப்ரல் பதினைந்து. மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாள். விசைப்படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகாமல், துறைமுகத்து ஆண்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்த மாலை.