மூத்தவர் கை தூக்கும் வரை

எங்கள் கூடைப்பந்து அணியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும் மூத்தவரைக் கோச் வெளியே கூப்பிட மாட்டார். அவராகப் பார்த்துக் கையைத் தூக்கி, போதும் என்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பெஞ்சில் இருப்பவன் எழுந்திருக்கலாம். யாரும் எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் இது. கேட்டால் மரியாதை என்பார்கள். எத்தனை ஆட்டம் நடந்தாலும் தூக்கப்படாத ஒரு கைக்கு நான் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கல்கத்தா அலிப்பூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனி என்னை ஒரு வருட ஒப்பந்தத்தில் அணிக்கு எடுத்திருந்தது. காலையில் லேக் கார்டன்ஸ் பக்கத்து மைதானத்தில் பயிற்சி, பிறகு ஆபீஸில் பெயருக்கு ஒரு நாற்காலி. லீக் நடக்கும் மாதங்களில் மதியத்துக்கு மேல் ஆட்டம். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: லீகின் பதினான்கு ஆட்டங்களில் ஏழிலாவது நான் களத்தில் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கிடையாது. இறங்கினேனா என்பதற்கு அத்தாட்சி ஸ்கோர் ஷீட்டில் என் பெயருக்கு எதிரே போடும் ஒரு பெருக்கல் குறி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வத்தலக்குண்டு பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் வரை வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான் படித்துச் சொன்னால்தான் நம்புவார்கள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அச்சில் இருப்பதை அப்படியே நம்புவேன். அந்த ஒப்பந்தத்தையும் காளிகாட் மெஸ் அறையில் உட்கார்ந்து நாலு தடவை படித்துவிட்டு, போனில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஏழு தடவைதானே இறங்கணும், இறங்கிட்டா போச்சு என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் ஆடும் இடம் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவன். அதே இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, கல்கத்தாவிலேயே கல்யாணம் பண்ணி, மகளோடு வங்காள மொழியில் பேசிக்கொண்டிருக்கிறவர். வயது நாற்பதை ஒட்டி. இரண்டு முழங்காலிலும் கறுப்புப் பட்டை. அணியில் எல்லோருக்கும் அவர் தாதா. வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அண்ணாச்சி.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு தமிழர் கடைக்கு இட்லி சாப்பிடக் கூட்டிப் போவார். சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “தின்னுல, உங்க ஊர்ல சட்னிய நேத்திக்கடனுக்கா வைப்பாவ?” என்பார். கடைக்காரர் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் களத்தில் இறங்கிவிட்டால் நான் என்று ஒருவன் பெஞ்சில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

முதல் நாலு ஆட்டங்களில் நான் எழுந்திருக்கவே இல்லை. கோச்சின் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் தோளில் தட்டி “ஏக்டு போஷ்” என்பார். கொஞ்சம் உட்கார் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எந்தக் கடிகாரமும் காட்டவில்லை. அப்புறம் முப்பது புள்ளி முன்னிலையில் ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தில் அண்ணாச்சி கை தூக்கினார். இறங்கினேன். பந்து என் கைக்கு வரவே இல்லை. ஷீட்டில் பெருக்கல் குறி விழுந்தது. இப்படியே ஆறு சேர்ந்தது. ஆறையும் கூட்டினால் எட்டு நிமிடம்கூட இருக்காது. இதற்குப் பெயர் ஆட்டமா? காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிறவனுக்கு, மற்றவர்கள் ஆடி முடித்த ஆட்டத்தின் எச்சிலைக் கொடுத்துவிட்டு, நீயும் ஆடினாய் என்று குறி போடுகிறார்கள்.

கடைசி லீக் ஆட்டம் வந்தது. எனக்கு இன்னும் ஒரு குறி வேண்டும். முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் கோச்சிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். எனக்கும் தெரியும், தாதாவிடம் கேள், அவர் கை தூக்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கோச் இவர்தான். யார் ஆடுவது என்று முடிவெடுக்கச் சம்பளம் வாங்குகிறவர். என்னைப் போய்க் கெஞ்சச் சொல்கிறார்.

கெஞ்சினேன். அண்ணாச்சி முழங்கால் பட்டையைக் கழற்றியபடியே, “பாப்பம்ல” என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு கோபத்தில் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். விளையாட்டு விடுதியில் பரீட்சைக்குப் படித்த புத்தகம். அதில் ஒரு விதி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆள் மாற்றம் கேட்கும் உரிமை மாற்று ஆட்டக்காரனுக்கு மட்டும்தான். கோச் கேட்கக் கூடாது. உள்ளே போகிறவனே ஸ்கோரர் மேஜைக்குப் போய்க் கேட்க வேண்டும். கோச் அனுப்பிப் போய்க் கேட்பதுதான் உலக வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கோச் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. எத்தனை தடவை தேடியும் இல்லை.

மறுநாள் மைதானத்தில் நல்ல வெயில். மூன்றாவது கால் பகுதியில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணியின் கார்டு பத்தொன்பது வயசுப் பையன். அண்ணாச்சியைத் தாண்டிப் போவது அவனுக்குக் கதவில்லாத வீட்டுக்குள் போவது மாதிரி இருந்தது. அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அந்தக் கை மேலே வரவில்லை. நான் எழுந்தேன். மேல்சட்டையைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்தவன், கோச் கூப்பிட்டாரா என்று கேட்டான். நேரே மேஜைக்குப் போய், ஆள் மாற்றம் என்று சொல்லி, அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பந்து வெளியே போனது. மணி அடித்தது. நடுவர் கையசைத்து என்னை உள்ளே கூப்பிட்டார். அப்போதுதான் கோச் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். மணி அடித்த பிறகு கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

யாருக்குப் பதில் என்று நடுவர் கேட்டார். அண்ணாச்சியின் எண்ணைச் சொன்னேன். அவர் என் எதிரே வந்து நின்றார்.

“யாருல அனுப்புனா?”

“யாரும் அனுப்பலண்ணாச்சி. ரூல் புக்ல இருக்கு.”

“ரூல் புக்லயா?”

“ஆமாண்ணாச்சி.”

நடுவர் அவசரப்படுத்தினார். அண்ணாச்சி என் கையைத் தட்டாமல் போனார். உள்ளே போகிறவன் கையைத் தட்டாமல் எங்கள் அணியில் யாரும் வெளியே போனதில்லை.

அந்த நாலு நிமிடத்தைப் பெருமையாக எழுத எனக்கு ஆசைதான். முதல் பந்தை நான் வலது மூலைக்கு வீசினேன். அங்கே ஆள் ஓடி வரவில்லை, பந்து கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் அப்படியே. பயிற்சியில் இளையவர்கள் ஒரு கூடையிலும் மூத்தவர்கள் எதிர்க் கூடையிலும்தான் ஆடுவோம். இந்த நாலு பேரோடு நான் சேர்ந்து பயிற்சி செய்ததே இல்லை. யார் எப்போது எங்கே திரும்புவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு அந்தப் பத்தொன்பது வயசுக்காரனை இரண்டு தடவை மறித்தேன், ஒரு தடவை பந்தைப் பறித்துக் கூடையில் போட்டேன். வித்தியாசம் ஏழாகக் குறைந்தது. உடனே கோச் டைம் அவுட் எடுத்து என்னை உட்காரச் சொன்னார். அண்ணாச்சி திரும்பப் போனார். தோற்றோம்.

உடை மாற்றும் கூடாரத்திலிருந்து நான்தான் முதலில் கிளம்பினேன். மெட்ரோவுக்கு நடக்கும்போது அண்ணாச்சி பின்னால் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் போனைத் திறந்து ஒரு கடிதத்தின் படத்தை நீட்டினார். அதே கம்பெனி, அதே அதிகாரியின் கையெழுத்து. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர், சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி முப்பது நிமிடம் களத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அணியிலிருந்து விடுவித்து, கல்கத்தாவிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஹால்டியா கிடங்குக்கு மாற்றுவார்கள்.

“நான் என்ன, ஆசைக்கா உள்ள நின்னேன்? காலு ரெண்டும் தீயா எரியுது. கையத் தூக்குனா எம்பொண்ணு பள்ளிக்கூடத்த யாரு பாப்பா? நீ வாரதுக்கு முன்னால நடந்த கோப்பை ஆட்டங்கள்ல முட்டி வீங்கி வெளிய இருந்துட்டேன், அத ஈடுகட்டத்தான் லீக்ல முழுசா நின்னேன். இன்னைக்கு அந்த நாலு நிமிசம் இருந்திருந்தா சராசரி முப்பது வந்திருக்கும்.”

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா? பாவம்னு நீ உக்காந்திருப்பியா?” என்றார். நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரிந்தது. போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. ஒரே ஆள் ஒரே பேனாவால் இரண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்று என்னை உள்ளே போ என்கிறது, இன்னொன்று அவரை வெளியே வராதே என்கிறது. இருப்பது ஒரு இடம், நாற்பது நிமிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடப் பொறுமையில்லாதவர்கள் எங்களை மரியாதை பற்றிச் சண்டை போட விட்டிருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு காகிதமும் ஒரே நாளில் வந்தன. எனக்குப் புது ஒப்பந்தம். ஏழாவது குறி கணக்கில் ஏறிவிட்டது. அண்ணாச்சிக்கு ஹால்டியா. நான் ஒரு கடிதம் எழுதினேன். இந்த இரண்டு நிபந்தனையையும் நீக்க வேண்டும், அவருடைய மாறுதலை நிறுத்த வேண்டும், யார் எவ்வளவு ஆடுவது என்பதைக் கோச்சே முடிவு செய்ய வேண்டும் என்று. அவரிடம் கையெழுத்துக் கேட்டேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நியாயத்த அப்புறம் பேசு. மொதல்ல அவனுவ ஒப்பந்தத்துல கையெழுத்தப் போடு. விட்டா வேற ஆளக் கூப்பிட்டுருவானுவ.”

அவரே பயந்தால் வேறு யார் போடுவார்கள்? எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் ஒப்பந்தத்திலும் நான்தான் போட்டேன், கடிதத்திலும் நான் மட்டும்தான் போட்டேன்.

அலிப்பூர் ஆபீஸில் கிளார்க் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கடிதத்தைத் தள்ளினார். இது கோச் மூலமாக வர வேண்டும் என்றார். இரண்டையும் வாங்குங்கள், இல்லை இரண்டையும் திருப்பித் தாருங்கள் என்றேன். ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. அவர் சரி என்று அதைத் திருப்பித் தந்திருந்தால் நான் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அவர் உள்ளே போய் அதிகாரியை அழைத்து வந்தார். அதிகாரி கடிதத்தை நின்றபடியே படித்தார். அண்ணாச்சிதான் இதை எழுதச் சொன்னாரா என்று கேட்டார். இல்லை, நானே எழுதினேன் என்றேன். அதில் இருப்பது உண்மையா என்று அவர் கேட்கவில்லை. இரண்டிலும் முத்திரை குத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒப்பந்தத்தின் நகல் மறுநாளே வந்துவிட்டது. கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணாச்சி ஹால்டியாவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நான் இதுவரை மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டேன். கிளார்க் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.