கேப்பர் மலையில் ஜான்சி போட்ட தடம்

சிதம்பரத்தில் இருந்துகொண்டு மலைச் சைக்கிள் ஓட்டச் சொல்லித்தரப் போகிறேன் என்று ஜான்சி சொன்னபோது, சிரிக்காதவர்கள் ரொம்பக் குறைவு. அந்தப் பக்கம் முழுக்கத் தாம்பாளம் மாதிரித் தட்டையான நிலம். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கினால் மறுபடியும் வயல், வாய்க்கால், வயல்.

அவள் வளர்ந்தது அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பில். அம்மா மாலதி நர்ஸ். ஜான்சி உடற்கல்வி படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதினாள். பிள்ளைகளை ஊட்டிப் பக்கம் ஒரு முகாமுக்கு அழைத்துப்போன இடத்தில், தேயிலைச் சரிவின் பாறைமேல் ஒரு பெண் சைக்கிளில் இறங்கி வருவதைப் பார்த்தாள். அந்தப் பெண் இறங்கிய விதத்தில் அவசரமே இல்லை. மாடிப்படியில் பேசிக்கொண்டே இறங்குபவர்களைப் போல வந்தாள். அடுத்த கோடை விடுமுறையில் ஜான்சி அதே முகாமில் போய் வேலை கேட்டு நின்றாள். விடுமுறை முடிந்தும் திரும்பவில்லை.

ஆறு வருஷம் அங்கே வழிகாட்டியாக இருந்தாள். வருகிறவர்களைக் காட்டுப் பாதைகளில் அழைத்துப்போவது, பஞ்சர் ஒட்டுவது, பயந்து நிற்பவர்களைப் பேசிப் பேசிக் கீழே இறக்குவது எல்லாம் அவள் வேலை. இரண்டு தடவை தோள்பட்டை எலும்பு உடைந்தது. பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கினாள். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றதும், இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி, சைக்கிளையும் கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

அம்மாவின் கால் சரியாகிக்கொண்டிருந்தது. ஜான்சியின் கால்தான் வீட்டில் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சும்மா கடலூர்வரை மிதித்தாள். நாற்பத்தைந்து கிலோமீட்டர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், குடிகாடு தாண்டிக் கடலூரில் டீ குடிக்கும்போது, இங்கே மேடு ஏதாவது இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே மேற்கே கையைக் காட்டி, கேப்பர் மலை இருக்கிறதே என்றார்.

ஊட்டியில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு அதை மலை என்று சொல்ல வாய் வராது. மிஞ்சிப் போனால் முப்பது ஆள் உயரம் இருக்கும். ஆனால் மேலே போய்ப் பார்த்தபோது அவளுக்குக் கை பரபரத்தது. செம்மண் சரிவு, மழை வெட்டிய பள்ளங்கள், அங்கங்கே துருத்திய செம்புறாங்கல், நடுவில் முந்திரி மரங்கள். அன்றைக்குப் பதினோரு தடவை ஏறி இறங்கினாள். வீட்டுக்கு வந்தபோது முதுகு முழுக்கச் சிவப்பாக இருந்தது. மகள் ஊட்டிக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்பதை மாலதி அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போதே புரிந்துகொண்டார்.

ஞாயிறு வகுப்பு தொடங்கியது. முதல் மாதம் நான்கு பேர், ஆறு மாதத்தில் பதினாறு பேர். புதுச்சேரியிலிருந்து வரும் குழுக்களை அழைத்துக்கொண்டு போகிற வேலையும் சேர்ந்தது. அவள் வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் யாரும் சரிவுப் பக்கமே போகக் கூடாது. சமதரையில் மெதுவாக ஓட்டும் போட்டி நடக்கும். கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்கிறவர்தான் ஜெயித்தவர். வேகமாக ஓட்ட எல்லாருக்கும் தெரியும், மெதுவாக ஓட்டத் தெரிந்தவன் விழ மாட்டான் என்பது அவள் கணக்கு. அப்புறம் இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நிற்பது, முட்டியையும் முழங்கையையும் மடக்குவது, பிரேக்கில் ஒரே ஒரு விரல் வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே பார்வை.

"கல்ல பாத்தீங்கன்னா கல்லு மேலதான் சார் போவீங்க. போற எடத்த பாருங்க. வண்டி கண்ணு பின்னாடியே வரும்."

இதை அவள் அதிகம் சொன்னது வைத்திலிங்கத்திடம். குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் சூபர்வைசர், ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் வாங்கியவர். கொதிகலன் பக்கத்தில் சாதாரணமாக நிற்கிற மனிதருக்கு, முழங்கால் உயரமுள்ள ஒரு பாறைப் படியைக் கண்டால் மட்டும் உடம்பு கட்டையாகிவிடும். வாரா வாரம் அதன் விளிம்புவரை வந்து, பிரேக் போட்டு, இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவார். ஜான்சி அவரை ஒரு தடவைகூட அவசரப்படுத்தியதில்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. மூன்று நாள் கழித்து வெயில் அடித்ததும் ஆட்களோடு போனால், பாதைக்குக் குறுக்கே ஒரு ஜே.சி.பி. நின்றது. அதன் நிழலில் ஜான்சி வயதே இருக்கக்கூடிய ஒருவர் நின்றார். பெயர் தமிழ்மணி. அந்த ஜே.சி.பி.யும் அவருடையது, முந்திரித் தோப்பும் அவருடையது.

"இது யார் நெலம்னு தெரியுமாம்மா?"

"பொறம்போக்குன்னு நெனச்சிட்டேண்ணா."

"பொறம்போக்குல முந்திரி தானா மொளச்சி வரிசையா நிக்குமா?"

அவர் கத்தவில்லை, வந்து பாருங்க என்று மட்டும் சொல்லி நடந்தார். சரிவில் சைக்கிள்கள் நேராக இறங்கி இறங்கி ஒரு கோடு விழுந்திருந்தது. மழைத்தண்ணீருக்கு அந்தக் கோடே வழியாகிவிட்டது. ஓடிய தண்ணீர் முட்டி ஆழத்துக்கு மண்ணை அறுத்து, போன வருஷம் நட்ட ஒட்டுக் கன்றுகளில் ஒன்பதின் வேரை வெளியே காட்டியிருந்தது. மூன்று கன்றுகள் பள்ளத்துக்குள்ளேயே கிடந்தன.

ஜான்சி அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தாள். ஊட்டியில் பாதைகளை யாரோ போட்டுவைத்திருந்தார்கள். அவள் ஓட்டினாள், அவ்வளவுதான். பாதையில் எப்படிப் போவது என்று இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், பாதையைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. பின்னால் நின்றவர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்று முணுமுணுத்தார்கள். அவள் எழுந்து தமிழ்மணியிடம் போனாள்.

"தப்பு என்னுதுதாண்ணா. இத சரி பண்ற வரைக்கும் ஒரு வண்டிகூட எறங்காது. சரி பண்ணிட்டு அப்புறம் கேக்கறேன், விடுவீங்களான்னு. விடலன்னா போயிடறேன்."

தமிழ்மணி நம்பவில்லை. சரி, பாப்பம் என்றார்.

மறுநாளிலிருந்து அவள் முதல் பஸ்ஸில் வந்தாள், மண்வெட்டியோடு. பதினாறு பேரில் வந்தது ஐந்து பேர். வைத்திலிங்கம் நைட் ஷிப்ட் முடித்து நேராக வருவார்; காலை பத்து மணிவரை கல் சுமந்துவிட்டுத் தூங்கப் போவார். பள்ளத்தில் செம்புறாங்கல்லை அடுக்கி, மேலே மண் போட்டு, கன்றுகளுக்குப் பாத்தி கட்டினார்கள். தமிழ்மணி நான்கு நாள் தூரத்தில் நின்றே பார்த்தார். ஐந்தாம் நாள், வைத்திலிங்கம் மண்வெட்டி பிடித்த அழகைப் பொறுக்க முடியாமல் வந்து பிடுங்கிக்கொண்டார்.

"மாமா, அது ஸ்பேனர் இல்ல. தள்ளுங்க."

அவர் மாமா என்று கூப்பிட்டதும் வைத்திலிங்கத்துக்குப் பாதிச் சோர்வு போய்விட்டது; தூங்கப் போகாமல் தங்கிவிட்டார். அன்று மத்தியானம் மூவரும் சோற்றைப் பிரித்து உட்கார்ந்தபோது தமிழ்மணியே பேச்சை எடுத்தார். பள்ளத்தை மூடினால் போதாது, திரும்ப நேராக இறங்கினால் திரும்ப அறுக்கும் என்றார். தண்ணீர் எந்தப் பக்கம் சாயும், எங்கே தேங்கும் என்று ஒரு குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். ஜான்சி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குச்சியை வாங்கி, சரிவுக்குக் குறுக்கே, பாம்பு ஊர்வதைப் போல வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டாள். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் வெளியே வழிந்து புல்லுக்குப் போகும். ஓட்டுகிறவர்களுக்கும் நேர்ச்சரிவைவிட வளைவில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஜே.சி.பி.யை விட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார் தமிழ்மணி. பாதை இரண்டு முழ அகலம் இருந்தால் போதும், ஜே.சி.பி. பக்கெட்டை வைத்தால் ரோடு ஆகிவிடும் என்று அவள் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கையாலேயே வெட்டினார்கள். பதினெட்டு நாள் ஆனது.

நவம்பர் கடைசியில் புயல் அறிவிப்பு வந்தது. மாலதி தடுத்துப் பார்த்தார்; ஜான்சி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தமிழ்மணி உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏற்கெனவே அங்கே நின்றார். மேலிருந்து சிவப்புத் தண்ணீர் இறங்கி வந்தது. முதல் வளைவில் தயங்கி, இடது பக்கம் பரவி, புல்லுக்குள் போனது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வளைவு மட்டும் உடைந்தது. இருவரும் ஓடிப்போய்க் கல்லை உருட்டி வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து, கன்றுகளின் பாத்தியில் தண்ணீர் அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

"ஜாஸ்தி பேர கூட்டியாராத. காய் வுழுவுற மூணு மாசம் வராத," என்றார் தமிழ்மணி. அனுமதி என்பது அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. அந்தப் பாறைப் படி புதுப் பாதையிலும் இருந்தது. ஜான்சி வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தாள். இரண்டாவது ஞாயிறு வைத்திலிங்கம் வந்தார், விளிம்பில் நிற்கவில்லை, இறங்கிவிட்டார். இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை. கீழே போய்த் திரும்பிப் பார்த்து, "தாண்டிட்டனா?" என்று கேட்டார்.

இப்போது மார்ச் முதல் மே வரை ஜான்சி தன் ஆட்களை லால்பேட்டைப் பக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துப்போகிறாள். புதுச்சேரிக்காரர்கள் மழைக்குப் பிறகு பாதையைச் செப்பனிட ஒரு நாள் வந்தாக வேண்டும்; அது சம்மதமென்றால்தான் சேர்த்துக்கொள்கிறாள்.

போன மாதம் தமிழ்மணி போன் செய்து, செவ்வாய்க்கிழமை வர முடியுமா, யாரும் இருக்கக் கூடாது என்றார். போனாள். வேட்டியை விட்டு டிராக் பேண்டில், ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருந்தார். அவள் அதைத் திருப்பி மாட்டினாள். மெதுவாக ஓட்டும் பாடம் ஒரு மணி நேரம் நடந்தது. பிறகு முதல் வளைவில் பிரேக்கை நான்கு விரலாலும் இறுக்கி, தான் வெட்டிய பாதையிலிருந்து தன் முந்திரிக்குள்ளேயே போய் விழுந்தார். ஜான்சி ஓடி வந்தாள்.

"அடி பட்டுச்சாண்ணா?"

"கன்னுக்கு என்னாச்சி பாரு மொதல்ல," என்றார் அவர்.

கன்றுக்கு ஒன்றுமில்லை. தமிழ்மணி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, மேலே தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.