இடுப்பில் குத்திய இரண்டு ஊக்குகள்

போடி பஜாரில் ஒரு ரெடிமேட் கடைக் கண்ணாடி முன் நான்காவது சுடிதார் டாப்பைப் போட்டுப் பார்த்தேன். மார்பும் பின்புறமும் அகலம், இடுப்பு மட்டும் சிறுத்த உடம்பு எனக்கு. இடுப்புக்குச் சரியானது மார்பில் ஏறாது. மார்புக்குச் சரியானது இடுப்பில் தொங்கும். அலுவலகத்துக்கு உடுத்த ஒன்றாவது அமையாதா என்றிருந்தது.

"ஏலக்கா மூட்டை மாதிரில்ல இருக்கு!" என்று பின்னால் நின்ற பெண் சிரித்தார். குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவராம். வெயிலில் கறுத்த, ஒடுங்கிய முகம். பேசிக்கொண்டே தன் தாலிக்கயிற்றிலிருந்து இரண்டு ஊக்குகளைக் கழற்றி, என் முதுகில் இடுப்பருகே இருபுறமும் துணியைப் பிடித்துக் குத்தினார்.

"நெஞ்சுக்குப் பாத்து வாங்குங்கக்கா. இடுப்ப டெய்லர்ட்ட இப்படிப் பிடிக்கச் சொல்லுங்க."

"குனிய முடியுமா?"

"குனிஞ்சுதான் பாருங்களேன். நாள் பூரா குனியிற சோலிக்காரி சொல்றேன்."

குனிந்தேன். எங்கும் இழுக்கவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியில் நான் இருந்தேன், முதல்முறையாக! அதே அளவில் மூன்று எடுத்தேன்.

வெளியே தோட்டத்து ஜீப்பு ஹாரன் அடித்தது. "ஊக்க நீங்களே வச்சுக்கங்க" என்று ஓடினார். சேலைக்கு மேல் அவர் போட்டிருந்தது காட்டு வேலைக்கான ஆண்கள் சட்டை. அதன் முதுகிலும் இடுப்பளவுக்கு இரண்டு பிடிப்புகள், நூல் பிசகாமல் தைக்கப்பட்டிருந்தன.

ஏலச்செடிகளுக்கு நடுவே அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.