திரும்பிப் பார்ப்பாரா என்று நின்றேன்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் நடந்தது இது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதென்றாலே இரண்டு நாள் முன்னதாகப் பெட்டி அடுக்குகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் வெனிஸில் போய்த் தொலைந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? தொலைந்த கதையை ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எப்படித் தொலைந்தேன் என்பதை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்கள் மகள் சுவிஸில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது நானும் கணவரும் போயிருந்தோம். பத்தியச் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று நாட்கள் ஓடின. ஊருக்குத் திரும்ப ஒரு கிழமை இருக்கையில் மகள் இரண்டு ரயில் டிக்கட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம் ஆனதற்கு அவளும் மருமகனும் செய்த ஏற்பாடு.

"கலியாணம் முடிச்ச புதுசில நீங்க எங்கயும் போகல்லதானே அம்மா. இப்பயாச்சும் ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள். உண்மைதான். நாங்கள் முடித்த சண்டைக் காலத்தில் பக்கத்து ஊருக்குப் போய் வருவதே பெரும்பாடு. தேனிலவு என்ற சொல்லையே பத்திரிகையில்தான் வாசித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு என் பெயரில். வீட்டுக்குள் என் சொல்தான் எடுபடும். அதற்கு ஈடுகட்டுவதுபோல, வாசல் படலையைத் தாண்டினால் இவர் நான்கு எட்டு முன்னால் நடப்பார். கோயிலோ, சந்தையோ, ஆஸ்பத்திரியோ, முன்னால் அவர், பின்னால் நான். கதைப்பதும் அப்படித்தான். நேரே பார்த்தபடி கதைத்துக்கொண்டே போவார், நான் பின்னாலிருந்து 'ம்' போடுவேன். இவருடைய முகத்தைவிட முதுகைத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன் என்று சிநேகிதிகளிடம் பகிடி விடுவேன்.

வெனிஸில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் நன்றாகத் தெரிந்த மணம் ஒன்று மூக்கில் ஏறியது. உப்பும் சேறும் பாசியும் கலந்த மணம்.

"இது எங்கட வாவிதான்கா. நடுவுக்குள்ள வீட்டக் கட்டி வச்சிருக்கானுகள்" என்றார். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர், அன்று அவருக்கு அப்படியொரு சந்தோசம். பாசி பிடித்த படியைக் கண்டாலும் விளக்கம், கட்டியிருக்கும் படகைக் கண்டாலும் விளக்கம். நான் மாம்பழ நிறச் சேலை உடுத்தியிருந்தேன். வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே எங்கள் ஊர்ப் புளியந்தீவில் கடைகடையாக ஏறி இறங்கி எடுத்த சேலை. மேலே மகளின் குளிர்ச் சட்டை. குளிர் அடித்தாலும் பொத்தானைப் பூட்டவில்லை, சேலை தெரியவேண்டுமே.

மத்தியானம் திரும்பியபிறகு ஒரு கால்வாய்க் கரையில் நின்றோம். கறுப்பு நிறத்தில் நீளமான படகு. கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் துடுப்போடு நின்றான். ஒரு சோடி அதில் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவனின் தோளில் தலையைச் சாய்த்தாள், படகு மெல்ல நகர்ந்தது. எனக்கு ஐம்பத்துமூன்று வயது. என்றாலும் ஆசை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். கேட்போமா என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவர், "தோணியில ஏறுறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? ஊருக்குப் போனா நாள் முழுக்க ஏத்துறன்" என்று சிரித்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

எனக்குச் சுருக்கென்றது. சிறிய பாலம் ஒன்றின் அடியில் நான் நின்றுவிட்டேன். கால் வலித்து நிற்கவில்லை, கடையை வேடிக்கை பார்த்தும் நிற்கவில்லை. எவ்வளவு தூரம் போனபிறகு இந்த மனிதர் திரும்பிப் பார்க்கிறார், பார்ப்போம் என்று வேண்டுமென்றே நின்றேன்.

அவர் பாலத்தில் ஏறினார். கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கினார். மறுபக்கம் இறங்கி, முடக்கில் திரும்பி மறைந்தார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்போது ஓடி வருவார் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. பிறகுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே போன் அவருடைய சட்டைப் பையில். பாஸ்போட்டும் அவரிடம். ஹோட்டலின் பெயர் எனக்குத் தெரியாது. என் கைப்பையில் இருந்தது ஒரு தண்ணீர்ப் போத்தலும் தைலமும் மட்டுமே. தேடிப் போனால் இன்னும் மோசமாகத் தொலைவேன் என்று அசையாமல் நின்றேன்.

பாலத்தடியில் முகமூடி விற்கிற கடை இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வெகுநேரம் என்னைக் கவனித்தவள், ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, இரு என்று சைகை காட்டினாள். அவள் பாசை எனக்குத் தெரியாது, என் ஆங்கிலம் அவளுக்கு விளங்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு விரல்களை நடக்கவைத்துக் காட்டினேன். ஒரு விரல் போய்விட்டது, மற்ற விரல் நின்றுவிட்டது. அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போய்ச் சூடாகக் கோப்பி கொண்டுவந்து தந்தாள். அதை வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தொலைந்த பயத்தைவிட, நான் இல்லாதது இவ்வளவு நேரமாகியும் அவருக்குத் தெரியவில்லையா என்பதுதான் என்னை அழவைத்தது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். முன்னால் போன மனிதர் எனக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தார். எங்கெங்கோ சுற்றியிருக்கிறார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஏசுவார் என்று நினைத்தேன். கிட்ட வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கதைச்சிட்டே போறன்கா. மூணு பாலம் தாண்டித்தான் உன்ட சத்தத்தக் காணல்லயே எண்டு திரும்பினன். பின்னால ஒரு சீனாக்காரி நிக்கிறா" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் குரல் உடைந்தது. "பொலிஸ்காரன் கேட்டான், என்ன நிறத்தில உடுத்திருந்தா எண்டு. எனக்குச் சொல்லத் தெரியல்லகா. காலையில இருந்து கூடத்தான் வாறாய், தெரியல்ல. என்ட பிழைதான்."

இல்லை, நான்தான் வேண்டுமென்று நின்றேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் அப்படிக் கலங்கி நின்றது எனக்கு இனித்தது.

"வா, அந்தத் தோணியில ஏறுவம்" என்றார்.

"வேணாம், நடப்பம்" என்றேன்.

கடைக்காரப் பெண் எங்கள் இருவரையும் பார்த்து இரண்டு விரல்களைச் சேர்த்து ஒட்டிக் காட்டினாள். அன்று பொழுதுபடும்வரை நடந்தோம். அவர் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தார். இருவர் சேர்ந்து போகமுடியாத ஒடுங்கிய சந்துகளில் என்னை முன்னால் விட்டார். தண்ணீரில் விளக்கு வெளிச்சம் விழத் தொடங்கியது. என்ன கதைத்தோம் என்று நினைவில்லை. என் வாழ்க்கையில் அதைப்போல் இன்னொரு பின்னேரம் வந்ததில்லை.

ஊருக்கு வந்தபிறகும் அவர் பழையபடி முன்னால் நடக்கத் தொடங்கவில்லை. கல்லடிப் பாலத்தில் பின்னேரங்களில் பக்கத்தில்தான் நடக்கிறார். வெள்ளைக்காரச் சோடி வருகுது என்று தெரிந்தவர்கள் நக்கலடிக்கிறார்கள், அவர் கண்டுகொள்வதில்லை. வீட்டை விட்டுக் கிளம்புமுன் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்து, "இண்டைக்குப் பச்ச" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். ஆசைப்பட்டதை வாய் திறந்து கேட்காமல், அவராகவே தெரிந்துகொள்ளட்டும் என்று நின்றது என் பிழை. திரும்பிப் பார்க்காமல் போனது மட்டும்தான் அவருடைய பிழை. இரண்டையும் அந்த மனிதர் தனியாகச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் நடக்கிறார் என்பது, எத்தனை சந்தோசத்துக்கு நடுவிலும் இன்னும் என்னை உறுத்துகிறது.