மேடம் யாரைத் தாக்கினார்?

போன செவ்வாய்க்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்கு ஒரு கடிதத்தோடு போனேன்.
2. செல்வி அக்கா வஞ்சிரம் நறுக்குவதை நிறுத்தி, கையைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தார்.
3. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.
4. "மேடம் யாரை அடிச்சுது?" என்று என்னைக் கேட்டார்.

நான்காவது பாயின்ட் புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மேடம் என்றால் என் பாஸ், நஸீமா மேடம். தரமணியில் அவருடைய ஆய்வகம், நான் உதவியாளர். துறை, சுற்றுச்சூழல் நுண்ணுயிரியல். அதாவது, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற கால்வாயில் குனிந்து, ஒரு கரண்டி சேற்றைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்புகிறவர்.

செல்வி அக்கா கடைக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயிலும் அப்படித்தான் எடுத்தார். மீன் கொழுப்பையும் ரத்தத்தையும் வேகமாகத் தின்கிற பாக்டீரியாக்களை அந்தச் சேற்றிலிருந்தே பொறுக்கி, வளர்த்து, வாரம் ஒரு கேன் அதே கால்வாயில் ஊற்றுகிறோம். பார்க்க நீர்மோர் மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் வைத்த பெயர் 'மேடம் மோரு'. பறக்கும் ரயிலில் கேனோடு போனபோது ஒருவர் என்னிடம் ஒரு டம்ளர் கேட்டே விட்டார்!

இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. நீட்டிக்க ஒரு நீளமான படிவம். பேப்பர்கள், மேற்கோள்கள், மாநாடுகள்... எல்லாவற்றையும் அட்டவணை போட்டு நிரப்பினேன். அதில் நான் கில்லாடி. மிஞ்சியது ஒரே கட்டம் — 'சமூகத் தாக்கம்'. பயன் பெற்ற ஒருவரின் கடிதம் கட்டாயம். கடிதம் இல்லையென்றால் நீட்டிப்பு இல்லை. நீட்டிப்பு இல்லையென்றால் மோர் இல்லை.

எனவே நானே ஒரு கடிதம் டைப் செய்தேன். 'இந்த ஆய்வு எங்கள் மீது பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது.' கச்சிதம், இல்லையா?

செல்வி அக்கா அந்த வரியில் விரலை வைத்தார்.

"இன்னா கண்ணு இது? எங்கள இதுவரைக்கும் தாக்குனது புயலு, வெள்ளம். அந்தம்மா எங்க வந்து தாக்குச்சு?"

"ஐயோ, அந்தத் தாக்கம் இல்லக்கா. இது... இம்பாக்ட்."

"நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா? கையெழுத்துப் போட்டவ நானு. கொசுவக்கூட அடிக்காது அது. அது மேல நான் பொய் கம்ப்ளெயின்ட்டு குடுப்பனா?"

பக்கத்துக் கடையிலிருந்து குரல் வந்தது. "ஏய் செல்வி, மேடம் உன்ன அடிச்சுதாமே? பத்தலன்னா நான் வர்ட்டா?"

"நீ மொதல்ல உன் நண்ட புடி, ஓடிக்கினு கீது!"

கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை நீட்டினேன். "நீங்களே எழுதுங்கக்கா. என்ன மாறிச்சோ அதை மட்டும்."

அவர் யோசித்தார். சொல்லிக்கொண்டே எழுதினார்.

"முன்ன இங்க குந்தி ஒரு வாய் சோறு துன்ன முடியாது. நாத்தம். சோத்து டப்பாவத் தூக்கிக்கினு தெருமுனைக்குப் போவோம். இப்ப கடையாண்டயே குந்தி துன்றோம்." கையெழுத்து. "போதுமா?"

கடிதத்தில் இரண்டு மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

தரமணியில் மேடம் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆக்சிஜனை அளந்தோம். கொழுப்பை அளந்தோம். எங்க உக்காந்து சாப்பிடறாங்கன்னு... நாம கேக்கவே இல்லையேம்மா?"

"புதுசா டைப் பண்ணிடவா மேடம்?"

"தொடாதே. அப்படியே ஸ்கேன் பண்ணு. செதிலோட."

நான் ஒன்று கவனித்தேன். அவருடைய பேப்பர்களை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைக் காட்டினால், தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். இந்தக் கடிதத்தின் நகலை மைக்ராஸ்கோப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். எதை எங்கே ஒட்டுகிறார் என்பதில் ஒரு மனுஷி தெரிந்துவிடுகிறார், இல்லையா?

இன்றைய நிலவரம்: படிவம் போய்விட்டது. பதில் வரவில்லை. மாதக் கடைசி வரை மோர் உண்டு.