கற்பூரத்துக்கு வாய் திறந்த பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மாலதி போனில் அழைத்தார். "அண்ணே, அண்ணன் போயிட்டாருண்ணே. தே தாரிக் குடிக்க உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு."

கிள்ளானில் இருந்த என் நண்பர் குணசேகரனின் தங்கை அவர். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாண விருந்துகளில் வாசிக்கும் எங்கள் குழுவே இரண்டு பேர்தான்: அவர் பேஸ் கிட்டார், நான் கிட்டார். அந்தச் சனிக்கிழமை செந்தூலில் ஒரு விருந்துக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். இனி யாரோடு வாசிப்பது என்பதுதான் முதலில் மனத்தில் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் மின்பராமரிப்பு பார்த்தவர். தனிக்கட்டை. பேச்சு குறைவு; ஒலியைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த முடியாது. "பாஸ், பேஸ பேச வைக்கலாம் லா" என்று ஒருநாள் கிளம்பினார். காலால் அழுத்தி இயக்கும் ஒலிப்பெட்டி ஒன்றைத் தாமே செய்தார். தந்தியை மெல்ல மீட்டினால் ஒலி வாய் மூடி முனகும். ஓங்கி மீட்டினால் 'வாவ்' என்று திறக்கும். உள்ளே ஒரு குட்டி எல்இடி விளக்கு, அதற்கெதிரே வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லு. மீட்டலுக்கேற்ப விளக்கு எரிய, சில்லு ஒலியைத் திறக்கும். அது கண்சிமிட்டும் அழகைப் பார்க்க வேண்டுமென்று, கடையில் சோறு தாப்பாவ் கட்டித்தரும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தார். நானும் தலையாட்டினேன்.

அவருடைய இருட்டு அறையில் தங்கமாக வேலை செய்தது, மேடையேறினால் வாயை மூடவே மறுத்தது. ஐசியை மாற்றினார், ஈயப் பற்றுகளைத் திரும்ப வைத்தார். மண்டபத்துக் கரண்ட் சரியில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். "கரண்ட் பாவம் பாஸ், விடுங்க" என்றார்.

அடுத்து சரஸ்வதி பூசை வந்தது. "வயர் மாட்டி ஓடினாத்தான் பாஸ் அது வாத்தியம்" என்று பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைத்தே பூசையில் வைத்தார். மாலதி கற்பூரம் காட்டினார். தட்டு நெருங்க நெருங்க ஸ்பீக்கரின் இரைச்சல் 'ஊ'விலிருந்து 'ஆ'வாக விரிந்தது, விலகியதும் அடங்கியது.

"சாமி பேசுதுண்ணே!" என்று மாலதி பதறினார்.

குணசேகரன் டப்பாவைக் கையால் பொத்தினார். ஒலி அமுங்கியது. "வெளிச்சம் லா பாஸ்! மேடை லைட்டு உள்ள பூந்து வெளயாடுது!" தங்கையின் கையைப் பிடித்துத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூசை பாதியில் நின்றதற்கு மாலதி போட்ட சத்தத்தில் நானும் சேர்ந்து திட்டு வாங்கினேன். அன்றே விளக்கையும் சில்லையும் கறுப்புக் குழாய்க்குள் அடைத்துவிட்டார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இறுதிக் காரியம் முடிந்ததும், "எனக்கு இது எதுக்குண்ணே" என்று மாலதி பெட்டியை என் கையில் கொடுத்தார். வீட்டில் என் கிட்டாரை அதில் மாட்டினேன். ஒரே மீட்டலில் அலறியது. அவருடைய மென்மையான விரல்களுக்கு ஏற்றபடி அதன் குமிழ் திருகப்பட்டிருந்தது. சற்றே திருப்பினால் என் கைக்கு வந்துவிடும். விரலை வைத்தேன், திருப்ப மனம் வரவில்லை. அழுதேன்.

செந்தூலுக்குத் தனியாகவே போனேன். பெட்டி அலறாதபடி அவ்வளவு மெதுவாக வாசித்தேன். மணப்பெண்ணின் தம்பி மேடையருகே வந்தார். "அங்கிள், சத்தம் பத்தல லா. கொஞ்சம் ஓங்கி அடிங்க."

"இன்னிக்கு மட்டும் இப்படியே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

போய் வாருங்கள், குணா. அடுத்த விருந்துக்குள் அந்தக் குமிழைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.